மரவள்ளித் தேமல் வைரஸை ஆராயப் பெந்தமியானாச் செடி போதுமா?

கேள்வி: நாற்றங்கால் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் தாவர நோயியலில் முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியைத் தாக்கும் தேமல் நோயே என் ஆய்வுப் பொருள். ஆத்தூர் அருகே எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளி இருக்கிறது. இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, சுருங்கி, கிழங்கு பெருக்காமல் போவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் என்பதால்தான் இந்தத் தலைப்பை விரும்பிக் கேட்டு வாங்கினேன்.

நோய்க்குக் காரணமான இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸின் தொற்றுத் திறனுள்ள குளோன் (அதன் மரபுப்பொருளின் ஆய்வகப் பிரதி) எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. இந்த வைரஸின் மரபுப்பொருள் டி.என்.ஏ.-ஏ, டி.என்.ஏ.-பி என்ற இரண்டு வட்ட மூலக்கூறுகளாகப் பிரிந்திருப்பதால், செடிக்குள் டி.என்.ஏ.வைக் கடத்த வல்ல அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியத்தில் இரண்டையும் தனித்தனியே ஏற்றி வைத்திருக்கிறார்கள். மரவள்ளியில் செலுத்துவதற்கு முன் நிகோட்டியானா பெந்தமியானா என்ற காட்டுப் புகையிலை இனத்தில் செலுத்திப் பார்க்குமாறு நெறியாளர் சொன்னார். அவர் சொன்னபடி 12 செடிகளில் செய்தேன். செலுத்திய இலைகள் நான்காம் நாளே மஞ்சளாகின. அந்த இலைகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, குறிப்பிட்ட டி.என்.ஏ. துண்டைப் பலமடங்காக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை செய்தபோது வைரஸ் இருப்பதாகத் தெளிவான பட்டை வந்தது. ஆனால் மூன்று வாரம் ஆகியும் புதிதாக வந்த இலைகளில் எந்த அறிகுறியும் இல்லை. மே மாத வெயிலில் எங்கள் செடியறையின் வெப்பநிலை 33 டிகிரி வரை போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் சந்தேகங்கள் மூன்று. மரவள்ளிக்கு உறவே இல்லாத ஒரு செடியை உலகம் முழுவதும் வைரஸ் ஆய்வுக்குப் பயன்படுத்துவது ஏன்? என் செடிகளில் தொற்று ஏற்பட்டதா, இல்லையா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் செடியில் நான் காணப்போவது எங்கள் வயலில் நிற்கும் மரவள்ளிக்குப் பொருந்துமா? பொறுமையாக விளக்குபவர்களுக்கு மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: இலைநரம்பு

வணக்கம் அம்மா. உங்கள் முதல் சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். செய்முறை பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பெந்தமியானா ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்கு உரிய செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீகிள் கப்பலில் மருத்துவராக இருந்த பெஞ்சமின் பைனோ அதை அங்கே சேகரித்தார். தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தமின் நினைவாக அதற்கு இப்பெயர் அமைந்தது. இன்று உலகின் ஆய்வகங்களில் வளரும் செடிகள் அனைத்தும் பெரும்பாலும் ஒரே வழித்தோன்றல்கள். மத்திய ஆஸ்திரேலியாவின் தனாமி பாலைவனத்தில், கிரானைட்ஸ் என்ற தங்கச் சுரங்கப் பகுதியில் 1930களில் சேகரிக்கப்பட்ட செடிகளோடு அவை ஒத்துப்போகின்றன என்று 2015இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது.

மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலத்தில், பெய்த சிறிது மழையைக் கொண்டு விரைந்து முளைத்து, வளர்ந்து, விதை வைத்து முடித்துவிட வேண்டிய கட்டாயம் அந்தச் செடிக்கு. இந்த இடத்தில்தான் வைரஸ் ஆய்வாளர்களுக்கு வாய்ப்பான ஒரு குறைபாடு வந்து சேர்கிறது. செடிகள் வைரஸின் ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு துண்டுதுண்டாக நறுக்கி அழிக்கும் தற்காப்பு முறையை மரபணு முடக்கம் என்கிறோம். அந்தத் தற்காப்பை வலுப்படுத்தும் நொதிகளுள் ஒன்றை உருவாக்கும் ஆர்.டி.ஆர்.1 என்ற மரபணுவில், ஆய்வக வகைப் பெந்தமியானாவுக்கு 72 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரு செருகல் இருக்கிறது. அதனால் முழுமையான நொதி உருவாவதில்லை. 2004இல் இது கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியாவில் பிற இடங்களில் வளரும் காட்டு வகைகளில் இந்த மரபணு பழுதின்றி இருக்கிறது. பாலைவனத்து வகை, வைரஸ் தற்காப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துப் பெரிய விதையையும் விரைந்த தொடக்க வளர்ச்சியையும் பெற்றது என்பது 2015 ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆனால் இந்த ஒரு குறைபாடே முழுக் காரணம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். ஆர்.டி.ஆர்.1 பற்றிய சான்றுகள் பெரும்பாலும் புகையிலைத் தேமல் வைரஸ் போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ்களிலிருந்து வந்தவை. உங்களுடையது டி.என்.ஏ. வைரஸ். அது இந்தச் செடியில் எளிதாகத் தொற்றுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

மற்றொரு காரணம் மிக எளியது. இதன் இலை மென்மையானது, உள்ளே காற்றிடைவெளி மிகுந்தது. ஊசி இல்லாத சிரிஞ்சை இலையின் அடிப்புறம் வைத்து அழுத்தினாலே பாக்டீரியக் கரைசல் உள்ளே பரவிவிடும். மரபணு ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் ஆராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் மரபணுக் கருவிகள் எத்தனையோ இருந்தும், இலை சிறியது என்பதாலும் அக்ரோபாக்டீரியத்துக்கு அது இவ்வளவு எளிதாக இடம் கொடுப்பதில்லை என்பதாலும் இந்த வேலைக்குப் பெந்தமியானாவே முந்திக்கொண்டது. பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவைச் சேர்த்த 16சி என்ற பெந்தமியானா வகை 1990களின் இறுதியில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் டேவிட் பால்கோம் குழுவினரால் ஆய்வுக்கு வந்தது. அதன்பின் புறஊதா விளக்கின் கீழ் இலையைப் பார்த்தே மரபணு முடக்கம் நடக்கிறதா, வைரஸ் புரதம் அதைத் தடுக்கிறதா என்று கண்டறிய முடிந்தது. இலை சிவப்பாகத் தெரிந்தால் ஒளிர்புரதம் முடக்கப்பட்டிருக்கிறது, பச்சையாக ஒளிர்ந்தால் முடக்கம் தடைபட்டிருக்கிறது என்று பொருள். வைரஸ்கள் செடியின் தற்காப்பை எப்படி முறியடிக்கின்றன என்று நாம் இன்று அறிந்தவற்றில் கணிசமான பகுதி அந்தப் பச்சை, சிவப்பு இலைகளிலிருந்து வந்தது.

பதில் 2: வளர்ப்பறை

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு நேரடியாகவே சொல்கிறேன். நீங்கள் தந்த விவரங்களை வைத்து, தொற்று ஏற்பட்டது என்று சொல்ல முடியாது.

செலுத்திய இலையில் பி.சி.ஆர். செய்தால் பட்டை வராமல் எப்படி இருக்கும்? அந்த இலைக்குள் கோடிக்கணக்கான அக்ரோபாக்டீரியங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் உங்கள் குளோனின் பிரதிகள் இருக்கின்றன. நீங்கள் செலுத்தியதையே திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். மாதிரியைச் செலுத்தாத மேல் இலைகளிலிருந்து, அதாவது செலுத்திய பின் புதிதாக விரிந்த இலைகளிலிருந்து எடுக்க வேண்டும். அங்கும் பாக்டீரியம் ஏறிவிட்டதோ என்ற ஐயம் நீங்க, அதே டி.என்.ஏ.வில் அக்ரோபாக்டீரியத்தின் வீரிய மரபணு ஒன்றுக்கான பி.சி.ஆரையும் செய்யுங்கள். வைரஸுக்குப் பட்டை வந்து பாக்டீரியத்துக்கு வராவிட்டால்தான் உங்கள் முடிவு உறுதியாகும். டி.என்.ஏ. வடிவங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் சதர்ன் பிளாட் சோதனை செய்ய ஆய்வகத்தில் வசதி இருந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை. வைரஸ் பெருகும்போது உருவாகும் ஒற்றை இழை வடிவமும் முறுக்கிய இரட்டை இழை வடிவமும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். செலுத்திய குளோன் மட்டும் இருந்தால் அவை தெரியாது.

நான்காம் நாள் வந்த மஞ்சள் நிறமும் பெரும்பாலும் வைரஸின் வேலை அன்று. பாக்டீரியக் கரைசல் அடர்த்தியாக இருந்தால் இலை அப்படித்தான் எதிர்வினை காட்டும். வைரஸ் பகுதி இல்லாத வெறும் வெக்டர் (குளோனைச் சுமக்கும் டி.என்.ஏ.) மட்டும் உள்ள அக்ரோபாக்டீரியத்தை அதே அடர்த்தியில் சில செடிகளுக்குச் செலுத்தியிருந்தால் இது உங்களுக்கே உடனே விளங்கியிருக்கும். ஒப்பீட்டுச் செடிகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வைக்கவில்லை என்றால், தயவுசெய்து அடுத்த முறை அவற்றிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள். வெறும் வெக்டர் செலுத்தியவை, டி.என்.ஏ.-ஏ மட்டும் செலுத்தியவை, இரண்டும் சேர்த்துச் செலுத்தியவை, முடிந்தால் வைரஸ் பெருகத் தேவையான பெருக்கப் புரதத்தின் மரபணுவைச் சிதைத்த குளோனைச் செலுத்தியவை என்று வையுங்கள்.

டி.என்.ஏ.-ஏ மட்டும் செலுத்தும் பிரிவை வலியுறுத்தக் காரணம் உண்டு. இரு கூறுகள் கொண்ட இந்த வகை வைரஸ்களில் செடிக்குள் பரவுவதற்கு டி.என்.ஏ.-பி தேவை என்பது பாடப்புத்தக விதி. உங்கள் வைரஸ் அந்த விதிக்குள் அடங்குவதில்லை. இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸின் டி.என்.ஏ.-ஏ தனியாகவே பெந்தமியானாவில் செடி முழுவதும் பரவி, இலையை மேல்நோக்கிச் சுருளச் செய்யும் என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த வைரஸ் முன்பு ஒற்றைக் கூறு உடையதாக இருந்து, பின்னர் வேறொரு வைரஸிடமிருந்து டி.என்.ஏ.-பியைப் பெற்றிருக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆகவே, அறிகுறி வந்துவிட்டது என்பதை வைத்து இரண்டும் உள்ளே போயின என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனியே பி.சி.ஆர். செய்ய வேண்டும்.

இப்போது வெப்பநிலை. உங்கள் முயற்சி தோற்றதற்கு முதல் காரணம் அந்த 33 டிகிரிதான் என்று நினைக்கிறேன். அக்ரோபாக்டீரியம் தன் டி.என்.ஏ.வைச் செடிக்குள் கடத்தும் அமைப்பு, 28 டிகிரியைத் தாண்டினால் சரிவர உருவாவதில்லை. அத்துடன், வெப்பம் ஏற ஏறச் செடியின் மரபணு முடக்கத் தற்காப்பும் வலுக்கிறது. மரவள்ளி வைரஸ்களிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். வெப்பநிலையை 25இலிருந்து 30 டிகிரிக்கு உயர்த்தியபோது, வைரஸைக் குறிவைக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் பெருகி அறிகுறிகள் தணிந்தன என்று 2005இல் செல்லப்பன், வனிதாராணி ஆகியோர் அடங்கிய குழுவினர் எழுதினார்கள். குளோன் உள்ளே போவதற்கும் தடை, போனது பெருகுவதற்கும் தடை என்ற நிலையில் உங்கள் செடிகள் இருந்திருக்கின்றன. 22 முதல் 25 டிகிரிக்குள் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கோடை முடியும்வரை காத்திருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செடிக்கு நான்கு முதல் ஐந்து வார வயது இருக்கட்டும், பூமொட்டு வந்துவிட்டால் பயன்படுத்த வேண்டாம். பாக்டீரியத்தை 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் எம்.இ.எஸ்., 100 முதல் 200 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் கொண்ட கரைசலில் கலந்து, இரண்டு மூன்று மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்த பின் செலுத்துங்கள். 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.5இலிருந்து 1.0 வரை போதும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதனால் ஒரு பருவம் முழுவதையும் இழந்திருக்கிறேன். செடியறைக்குள் வருபவர்களில் யாரேனும் பீடி, சிகரெட் பிடிப்பவராகவோ, வெற்றிலையோடு புகையிலை போடுபவராகவோ இருந்தால் அவர் கைகளை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே செடியைத் தொட வேண்டும். பதப்படுத்திய புகையிலையிலும் புகையிலைத் தேமல் வைரஸ் உயிர்ப்போடு இருக்கும், கைபட்டாலே இந்தச் செடிக்குத் தொற்றிவிடும். எங்கள் அறையில் ஒப்பீட்டுச் செடிகள் உட்பட எல்லாச் செடிகளும் தேமலாகி நின்றபோது காரணம் புரியாமல் குளோனையே சந்தேகித்து, அதைத் திரும்பத் திரும்ப வரிசைப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதில் 3: கிழங்குநிலம்

மேலே சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கேட்டவர் மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார், அதை இதுவரை யாரும் தொடவில்லை.

பெந்தமியானா, வைரஸ் என்னென்ன செய்ய வல்லது என்பதைச் சொல்லும். மரவள்ளி அதற்கு என்ன பதில் கொடுக்கும் என்பதைச் சொல்லாது. இந்த இரண்டையும் குழப்பியதால் என்ன நேர்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். கிரிஸ்பர் முறையைக் கொண்டு இந்தக் குடும்பத்து வைரஸ்களின் டி.என்.ஏ.வை வெட்டிச் செடியைக் காக்கலாம் என்று 2015இல் மூன்று குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. மூன்றும் பெந்தமியானாவில் செய்து காட்டியவை, அவற்றில் ஒன்று ஆராபிடாப்சிஸிலும் செய்தது. அறிகுறிகள் குறைந்தன, வைரஸின் அளவும் குறைந்தது, படங்கள் கண்ணைக் கவர்ந்தன. பின்னர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரை மையமாகக் கொண்ட குழு, அதே முறையை மரவள்ளியில் ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸுக்கு எதிராகச் செய்து 2019இல் முடிவை வெளியிட்டது. செடிகளுக்கு எதிர்ப்புத் திறன் கிடைக்கவில்லை. அதைவிடக் கவலைக்குரியது, வெட்டுப்பட்ட வைரஸ் மரபணுத்தொகுதிகளில் 33 முதல் 48 விழுக்காடு வரை ஒரே ஓர் எழுத்து மாறி, இனி வெட்ட முடியாத வடிவத்தைப் பெற்றிருந்தன. பயிரில் வைத்துச் சோதித்ததால் இது ஆய்வறைக்குள்ளேயே தெரியவந்தது. வயலுக்குப் போன பின் தெரிந்திருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எதிர்ப்புத் திறனைத் தேடுவதும் அப்படியே. ஆப்பிரிக்காவில் பரவலாகப் பயன்படும் சி.எம்.டி.2 என்ற தேமல் எதிர்ப்புத் தன்மை எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்பது 2022இல்தான் தெளிவாயிற்று. செடியின் டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் பாலிமரேஸ் டெல்டா நொதியின் முதல் துணைக்கூறில் ஏற்பட்ட மாற்றங்களே அதோடு சேர்ந்து வருகின்றன. இந்த வைரஸுக்குச் சொந்தமாக டி.என்.ஏ. பாலிமரேஸ் கிடையாது, செடியின் நொதியைத்தான் அது கடன் வாங்கியாக வேண்டும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பொருத்தமான இடம் என்பது விளங்கும். ஆனால் இதை மரவள்ளியின் தலைமுறைகளை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. பெந்தமியானாவை எத்தனை ஆண்டுகள் உற்றுப் பார்த்திருந்தாலும் கிடைத்திராது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. மரவள்ளித் தேமலின் காரணத்தை உறுதிசெய்யவே ஒரு புகையிலை இனம்தான் கைகொடுத்தது. கென்யாவில் தேமல் கண்ட மரவள்ளிகளிலிருந்து 1970களில் வைரஸைப் பிரித்தெடுத்தபோது, அதை வளர்க்க உதவியது நிகோட்டியானா கிளீவ்லாண்டியை என்ற இனம். அதுதான் தேமலுக்குக் காரணம் என்று அப்போது நிறுவ முடியாததால், மரவள்ளி மறைவைரஸ் என்று பெயரிட்டார்கள். அதைத் திரும்ப மரவள்ளியிலேயே தொற்றவைத்து, தேமல் வந்ததைக் காட்டிய பிறகுதான், 1983இல், காரணம் இதுவே என்று ஏற்கப்பட்டது. புகையிலை இனம் இல்லாமல் வைரஸ் கைக்கு வந்திராது, மரவள்ளிக்குத் திரும்பாமல் அதன் பெயரும் சரியாகியிராது.

எனவே உங்கள் ஆய்வுக் கேள்வி எது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வைரஸின் எந்தப் புரதம் செடியின் தற்காப்பைத் தடுக்கிறது, செல்லுக்குள் அது எங்கே போய் அமர்கிறது, எதனோடு பிணைகிறது என்பன போன்றவற்றுக்குப் பெந்தமியானா மிக நல்ல செடி. எந்த மரவள்ளி இரகம் தாங்கும், நோய் எவ்வளவு விரைவாகப் பரவும், வெள்ளை ஈ எப்படிக் கொண்டுபோகும், கிழங்கின் எடை எவ்வளவு குறையும் என்பவற்றுக்கு அது உதவாது.

பதில் 4: முள்ளுவாடிக்காரர்

நான் விவசாயி, நீங்கள் எழுதியதில் பாதிதான் புரிந்தது, ஆனாலும் முழுவதும் படித்தேன். மகளே, நீ இதைப் படிப்பது எங்களுக்கெல்லாம் பெரிய ஆறுதல். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நடவுக்குக் குச்சி வாங்கும்போது வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கிறது, நட்டு ஒரு மாதத்தில் இலை திரும்பிவிடுகிறது. குச்சியில் நோய் இருக்கிறதா என்று இந்தச் செடியை வைத்து முன்கூட்டியே பார்த்துச் சொல்ல முடியுமா?

பதில் 5: வளர்ப்பறை

ஐயா, உங்கள் கேள்வி மிகவும் முக்கியமானது. அந்தச் சோதனைக்கு இந்தச் செடி தேவையில்லை. ஒரு காலத்தில் நோய்ச்செடியின் சாற்றைப் புகையிலை இனத்து இலைகளில் தேய்த்துப் பார்த்துத்தான் வைரஸ் இருப்பதை அறிந்தார்கள், இப்போது மரவள்ளி இலையிலிருந்தே நேராகப் பி.சி.ஆர். செய்து ஒரு நாளில் சொல்லிவிடலாம். இலை உதிர்ந்த குச்சியை வாங்கும்போது கண்ணால் எதையும் அறிய முடியாது. ஆகவே அறுவடைக்கு முன்பே, செடியில் இலை இருக்கும்போதே வயலுக்குப் போய், தேமல் இல்லாத தாய்ச்செடிகளுக்குச் சாயம் பூசியோ துணி கட்டியோ அடையாளம் வைத்து, குச்சியை அவற்றிலிருந்து மட்டும் எடுங்கள். அடையாளம் வைத்தவற்றில் சிலவற்றின் இலைகளை ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய், சோதனைக்கு வழி கேட்டுப் பாருங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற இரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. அவை உங்கள் மண்ணுக்கும், மாவுச்சத்து ஆலைகள் கேட்கும் தரத்துக்கும் ஒத்துவருகின்றனவா என்று சிறிய பரப்பில் நட்டுப் பார்த்துவிட்டுப் பெருக்குவது நல்லது.

மறுமொழி: நாற்றங்கால் மாணவி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களைப் படித்த அன்றே நெறியாளரிடம் காட்டினேன். குளிர்சாதன வசதியுள்ள சிறிய அறையை எனக்கு ஒதுக்கித் தந்தார். 24 டிகிரியில், வெறும் வெக்டர், டி.என்.ஏ.-ஏ மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று பிரிவுகளாக, பிரிவுக்கு எட்டுச் செடிகள் வைத்துச் செய்தேன்.

இன்று 20ஆம் நாள். இரண்டும் சேர்த்துச் செலுத்திய எட்டில் ஏழு செடிகளின் புது இலைகள் சுருண்டு, நரம்போரம் மஞ்சளாகியிருக்கின்றன. டி.என்.ஏ.-ஏ மட்டும் செலுத்தியவற்றில் ஐந்து செடிகள், நீங்கள் சொன்னது போலவே, இலைவிளிம்பை மேல்நோக்கிச் சுருட்டியிருக்கின்றன. வெறும் வெக்டர் செலுத்தியவற்றில் செலுத்திய இலை மட்டும் மஞ்சளாகி, மேலே எல்லாம் பசுமையாக இருக்கிறது. முதல் முறை நான் எதைத் தொற்று என்று நினைத்தேனோ, அது அந்தச் செடிகளில் அப்படியே இருக்கிறது.

ஆய்வுக் கேள்வியையும் சுருக்கிக்கொண்டேன். டி.என்.ஏ.-ஏயில் உள்ள ஏ.சி.4 புரதம் மரபணு முடக்கத்தைத் தடுப்பதில் என்ன பங்கு வகிக்கிறது என்பதைப் பெந்தமியானாவில் பார்ப்பேன். அந்த மரபணுவைச் சிதைத்த குளோனையும் சிதைக்காததையும் திசு வளர்ப்பில் பெற்ற மரவள்ளிக் கன்றுகளிலும் செலுத்தி இரண்டையும் ஒப்பிடுவேன். கன்றுகள் 30 தயாராகிக்கொண்டிருக்கின்றன. முள்ளுவாடிக்காரர் ஐயா, அப்பாவிடம் தாய்ச்செடிகளுக்குத் துணி கட்டச் சொல்லிவிட்டேன். இரண்டு ஏக்கரில் நாற்பத்தொரு செடிகளுக்கு மட்டும்தான் கட்ட முடிந்தது என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். அவற்றின் இலைகளை அடுத்த வாரம் நானே போய்ச் சேகரிக்கிறேன்.